பெல்லுல நின்ன வண்டி

மூட்டுவலிக்கா வந்தீங்க சார்? நடையைப் பாத்தாலே தெரியுது. இடது கால்தானே? சுனைத் தண்ணியில குளிங்க, ஆனா இருபது நாளாவது குளிக்கணும். ரெண்டு நாள் குளிச்சுட்டு ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிட்டுப் போறவங்கதான் இப்ப ஜாஸ்தி. இப்படி நிழல்ல உக்காருங்க. பஸ் வர இன்னும் நேரம் இருக்கு. அந்த டிரைவர் டீ குடிச்சு, வெத்தலை போட்டு, ஆடி அசைஞ்சுதான் வருவான்.

நீங்க அந்தப் பழைய விஞ்சு வண்டிக்குப் பக்கத்துல இருக்கிற போர்டைப் படிச்சதைப் பாத்தேன். முழுசாப் படிச்சீங்க. இங்க வர்றவன் எவனும் படிக்கிறது கிடையாது, வண்டி முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிருவான். நீங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டு கடைசி வரைக்கும் படிச்சீங்க. அதான் பேச வந்தேன்.

அதுல நூத்துக்கு எழுபது பங்கு உண்மை. அறுபத்தி நாலுல விஞ்சு ஓட ஆரம்பிச்சது உண்மை. மலைக்கு எண்ணூத்தி நாப்பது படி, உண்மை. ஒரே கம்பியில ரெண்டு வண்டி, ஒண்ணு மேல ஏறினா ஒண்ணு கீழ இறங்கும், நடுவழியில ரெண்டும் ஒண்ணையொண்ணு விலகிப் போகும், அதுவும் சரி. எண்பதாம் வருசம்னு ஒரு பாரா எழுதியிருக்கான் பாருங்க, அங்கதான் பொய். ‘மழையில் மரம் விழுந்து விஞ்சு நின்றபோது, தொலைபேசி பழுதாகியிருந்ததால், ஊழியர் தளவாய் தம் மனைவியைத் தோளில் சுமந்து நானூற்று இருபது படி இறங்கினார்.’ எனக்கு மனப்பாடம்.

தொலைபேசி பழுதாம்! என் இன்ஜின் ரூம்ல முப்பத்தாறு வருசத்துல ஒரு சாமான் பழுதானது கிடையாது சார். நான் ஆவுடையப்பன். மேல் ஸ்டேசன்ல இன்ஜின் டிரைவர். லிவர் என் கையில. இந்த ஊருக்கு வந்த எத்தனை சீக்காளி, எத்தனை பெரிய மனுசன், எல்லாரும் என் கையை நம்பித்தான் மலை ஏறினாவ. என் பேரு அந்த போர்டுல எங்கயாவது இருக்கா? நீங்க படிச்சீங்கல்லா, சொல்லுங்க. கிடையாது. தளவாய் பேரு இருக்கு.

தளவாய் யாருன்னு சொல்லுதேன். விஞ்சு வாரதுக்கு முன்னாடி சீக்காளிகளை டோலியில தூக்கிட்டுப் போவாங்க. நாலு பேரு தூக்குவான், நடுவுல பலகையில ஆளு உக்காந்திருக்கும். கீழத்தெருவுல பன்னெண்டு குடும்பத்துக்கு அதுதான் பொழைப்பு. விஞ்சு வருதுன்னதும் அவனுவ என்ன செஞ்சானுவ தெரியுமா? திறப்பு விழா அன்னைக்கு தண்டவாளத்துல வரிசையாப் படுத்துட்டானுவ. மாலை, மேளம், வந்திருந்த பெரிய ஆளுக, எல்லாம் அப்படியே நிக்கி. விஞ்சை நடத்துற அறக்கட்டளைக்காரங்க கடைசியில வீட்டுக்கு ஒரு வேலைன்னு எழுதிக் குடுத்தாவ. அப்படி வந்தவன்தான் தளவாய். டோலிக்காரன் மகன். வண்டியில பிரேக்மேன். நான் அப்படி வரலை. கோயம்புத்தூர்ல இருந்து வந்த மெக்கானிக்குகளுக்குக் கீழ ஒரு வருசம் எண்ணெய்த் துணியும் கையுமாக் கிடந்து தொழில் படிச்சவன்.

பெல்லைப் பத்திச் சொல்லணும், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. நான் மேல இருக்கேன், வண்டி கண்ணுக்குத் தெரியாது, வளைவு மறைச்சிரும். வண்டியில இருக்கிறவன் தண்டவாளத்தோரமா ஓடுற கம்பியில ஒரு குச்சியால தொடுவான். என் ரூம்ல பெல் அடிக்கும். ஒரு பெல்லுன்னா நிறுத்து. ரெண்டுன்னா எடு. மூணுன்னா மெதுவா. அவ்வளவுதான் பாஷை. பெல்லுல நின்ன வண்டி பெல்லுலதான் கிளம்பணும். ரூல் புத்தகத்துல பதினாலாவது ரூல். நான் இன்னைக்கும் வச்சிருக்கேன், வீட்டுக்கு வந்தா காட்டுதேன். அது போக நடுவழியில வண்டி விலகுற இடத்துல ஒரு தூண்ல போன் ஒண்ணு இருந்தது. கைப்பிடியைச் சுத்தினா எனக்கு மணி அடிக்கும். பெல் கம்பி அறுந்துதுன்னா பேசுறதுக்கு.

எனக்கு ஒரு தங்கச்சி. உலகம்மாள். உலகுன்னு கூப்பிடுவோம். அப்பா சின்னதுலயே போயிட்டாவ, அம்மாவும் பொறவு போயிட்டா. நான்தான் வளத்தேன். பத்து வரைக்கும் படிக்க வச்சேன், அந்தக் காலத்துல. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டு வருவா. தினமும் பன்னெண்டரை வண்டியில ஏறி மேல வந்து, தூக்குச்சட்டியைக் குடுத்துட்டு, நான் சாப்பிடுற வரைக்கும் சுனைப்பக்கமா நின்னுட்டு, ஒண்ணேகால் வண்டியில இறங்கிருவா. அஞ்சு வருசம். ஒரு நாள் தவறினதில்லை. எனக்கு வெளிய சாப்பாடு ஒத்துக்காது.

பன்னெண்டரை வண்டிக்கு பிரேக்மேன் யாருன்னு நான் யோசிக்கவே இல்லை சார்.

அறுபத்தி ஒன்பதுல தை மாசம் ஒரு செவ்வாக்கிழமை சோறு வரலை. மணி ஒண்ணு, ஒண்ணரை, வரலை. ரெண்டு மணிக்கு எங்க மேனேஜர் தாணுமூர்த்தி வந்து என் தோள்ல கையை வைக்காரு. “ஆவுடையப்பா, பதறாத. ரெண்டு பேரும் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டாங்க” அப்படிங்காரு. நான் எந்த ரெண்டு பேருன்னு கேக்கேன். அவ்வளவு வெள்ளந்தி நான்.

டோலிக்காரன் மகனுக்கு! கேட்டிருந்தா நான் நல்ல எடமாப் பாத்துக் குடுத்திருக்க மாட்டனா? இருபத்தி மூணு வயசாயிட்டுது, நான் ஏன் பாக்கலைன்னு ஊர்ல கேட்டாவ. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவ போயிட்டா எனக்கு யாரு சமைக்கிறதுன்னு நான் நினைச்சேன்னு பேசினாவ. ஊரு பேசும்.

மூணாம் நாள் அவன் வேலைக்கு வந்தான். ஸ்டேசன்ல எல்லாரும் இருக்கும்போதே சொல்லிட்டேன். “இனி உன் சத்தம் என் காதுல விழக்கூடாது. உனக்கும் எனக்கும் பெல்லுதான் பேச்சு. மீறி ஒரு வார்த்தை பேசினா லிவரைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவேன்.” மேனேஜர் சிரிச்சாரு. அவன் சிரிக்கலை. “சரிண்ணே”ன்னான். அதுதான் கடைசி.

பதினோரு வருசம் சார். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பெல்லு, ரெண்டு பெல்லு, மூணு பெல்லு. காலையில முதல் வண்டி அவன் ரெண்டு பெல் அடிப்பான், நான் எடுப்பேன். அவன் கை வேலை சுத்தம், அதை நான் மறுக்கலை. மத்தவன் அடிச்சா இழுவும். அவன் அடிச்சா டக் டக்குன்னு நறுக்குன மாதிரி விழும். அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, பிரேமான்னு பேரு வச்சாவ. உலகு மேல வைத்தியசாலையில ஆயா வேலைக்குச் சேந்தா. தினமும் என் ரூமைத் தாண்டித்தான் போகணும். ஜன்னல்கிட்ட ரெண்டு நொடி நிப்பா. நான் வண்டி எங்க போகுதுன்னு காட்டுற டயலைப் பாத்துக்கிட்டு இருப்பேன். டயலைப் பாக்கணும்லா, அதுதானே வேலை. கொஞ்ச வருசத்துல நிக்கிறதையும் விட்டுட்டா.

எண்பதாம் வருசம் ஆடி. சாரல்னு சொல்லுவாங்களே, அது இல்லை, அன்னைக்குப் பேய் மழை. காலை பத்தரை இருக்கும். வைத்தியசாலை நர்ஸ் ஒருத்தி, மலையாளப் பிள்ளை, ஜன்னல்ல வந்து என்னமோ சொன்னா. இன்ஜின் ஓடுது, மழை தகரத்துல கொட்டுது. நான் தலையை ஆட்டினேன். வண்டி ரெடிங்கிறதுக்காக ஆட்டினது. பின்னால விசாரணையில அவ சொல்லுதா, “உலகு அக்காவுக்கு ஏழாம் மாசம், ரத்தப்போக்கு நிக்கலை, கீழ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், பாத்து இறக்குங்கன்னு சொன்னேன், தலையாட்டினாரு”ன்னு. உலகுங்கிற பேரு காதுல விழுந்த மாதிரிதான் இருந்தது. ஆனா அந்தப் பேரை நான் பதினோரு வருசமாக் காதுல வாங்குறதில்லை சார். அது பழகிப்போச்சு.

ரெண்டு பெல். எடுத்தேன். பாதி தூரம் போயிருக்கும், ஒரு பெல். நிறுத்தினேன். டயல்ல பாத்தேன், சரியா விலகுற இடம். மரக்கிளை விழுந்து தண்டவாளத்துல கிடந்திருக்கு. தளவாய் இறங்கி இழுத்துப் போட்டிருக்கான், அந்த இழுப்புல பெல் கம்பி அறுந்துட்டுது. கீழ இருந்து ஏறி வந்த வண்டியும் பக்கத்துலயே நிக்கி, அதுல செல்லையா பிரேக்மேன். இதெல்லாம் எனக்குப் பொறவு தெரிஞ்சது. அப்ப எனக்கு என்ன தெரியும்? ஒரு பெல் அடிச்சான், நிறுத்திட்டேன். ரெண்டு பெல்லுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்.

பெல் வரலை. போன் வந்தது.

எடுத்தேன் சார். எடுக்கலைன்னு ஊர்ல சொல்லுவாங்க, நம்பாதீங்க. முதல் தடவை எடுத்தேன். “அண்ணே, பெல் கம்பி...” அவன் சத்தம். பதினோரு வருசத்துக்குப் பொறவு அந்தச் சத்தம். எனக்கு எப்படி இருந்ததுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியலை. கை தானா வச்சிட்டுது. நான் வைக்கலை, கை வச்சிட்டுது. பேச்சு கிடையாதுன்னு பேசி ஒத்துக்கிட்டதுதானே? அவன் ‘சரிண்ணே’ன்னு சொன்னவன்தானே?

திரும்பவும் அடிச்சுது. நான் எடுக்கலை. அடிச்சு நின்னது, அடிச்சு நின்னது. ஏழு தடவை. முதல்ல வேகமா அடிச்சுது, பொறவு மெதுவா, விட்டு விட்டு. அந்த மாதிரி போன்ல கைப்பிடியை எப்படிச் சுத்துறானோ அப்படித்தான் மணியும் அடிக்கும். இவன் என்ன, தூங்கிக்கிட்டே சுத்துறானான்னு நினைச்சேன். நினைச்சதைச் சொல்லுதேன், மறைக்கலை. பதினாலாவது ரூல் என்ன? பெல்லுல நின்ன வண்டி பெல்லுலதான் கிளம்பணும். பெல் இல்லாம நான் எடுத்து, தண்டவாளத்துல ஆளு நின்னு செத்துப் போனான்னா? யாரு பதில் சொல்றது?

பெல் கம்பி அறுந்தா போன்ல கேட்டு எடுக்கலாம்னு பதினஞ்சாவது ரூல் சொல்லுது. அதுவும் எனக்குத் தெரியும். அதை நீங்க சொல்ல வேண்டாம்.

அரை மணி நேரம் இருக்கும். செல்லையா படியேறி ஓடி வாரான். நானூத்தி இருபது படி, கொட்டுற மழையில. கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், மூச்சு வாங்குது. பொறவு என் முகத்தைப் பாத்துக் கேக்கான், “மணி அடிச்சது உமக்குக் கேக்கலையாவே?” நான் போனைப் பாக்கேன், அவனும் போனைப் பாக்கான். “வண்டியை எடும், உம்ம தங்கச்சி அதுல...” அப்படின்னான். எடுத்தேன். அடுத்த நொடியே எடுத்தேன். எவ்வளவு மெதுவா, ஒரு குலுக்கல் இல்லாம இறக்கினேன் தெரியுமா? அந்த மாதிரி நான் வண்டியை இறக்கினதே கிடையாது. கீழ போய் நின்னபோது அதுல யாரும் இல்லை. தளவாய் அதுக்கு முன்னாலயே அவளைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படியில இறங்கிட்டான்.

கீழ அறக்கட்டளை ஜீப்புல ஏத்தியிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை. ரெண்டு உயிரும் இல்லை.

சாயங்காலம் தளவாயோட அப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தாரு. திறப்பு விழாவுல தண்டவாளத்துல படுத்தானுவன்னு சொன்னேன்லா, அதுல ஒருத்தரு. உள்ள வரலை. “பிறந்த வீட்டுக் கோடி போடணும் ஐயா. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. உங்களுக்காக எடுக்காம வச்சிருக்கோம்” அப்படின்னாரு. நான் கோடி அனுப்பினேன் சார். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பச்சைச் சேலை, நல்ல சேலை, சரிகைக் கரை வச்சது. பக்கத்து வீட்டுக்காரர் கையில குடுத்து விட்டேன். நான் தெருமுனை வரைக்கும் போனேன். அங்க நின்னேன். ‘வா’ன்னு ஒருத்தர் சொல்லலை. அந்தப் பிள்ளை பிரேமா, ஒன்பது வயசு, வாசல்ல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தது. யாருன்னு தெரியாத மாதிரி. தெரியாதுதானே? திரும்பி வந்துட்டேன்.

நாலாம் நாள் விசாரணை. அறக்கட்டளை அதிகாரி மேஜை போட்டு உக்காந்திருக்காரு. செல்லையாவைக் கேட்டா அவன் தளவாயைப் பாக்கான், தலையைக் குனிஞ்சுக்கிடுதான். தளவாயைக் கூப்பிட்டு என்ன நடந்துதுன்னு கேட்டாவ. மொட்டை அடிச்சிருந்தான். அவன் சொல்லுதான், “கம்பி அறுந்துட்டுதுங்க. போன் பழுது. எத்தனை சுத்தியும் மேல மணி போகலை.”

எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்தது. என் ரூம் போனைப் பழுதுங்கிறான்! வாராவாரம் நான் துடைச்சு, சுத்திப் பாத்து, நோட்டுல எழுதி வைக்கிற போன். நான் எந்திரிச்சேன். “ஐயா, போன் நல்லாத்தான்...” அப்படின்னு ஆரம்பிச்சேன். மேனேஜர் தாணுமூர்த்தி என் சட்டையைப் பின்னால பிடிச்சு இழுத்தாரு. “உக்காருமய்யா. உமக்கு அறிவு இருக்கா?” அப்படின்னு பல்லைக் கடிச்சாரு. உக்காந்துட்டேன். மறுநாள் ரெண்டு பேர் வந்து அந்த நல்ல போனைக் கழட்டிட்டு வேற மாட்டிட்டுப் போனானுவ. அன்னைக்கு விழுந்த பொய்தான் சார், இன்னைக்கு போர்டு வரைக்கும் வந்து நிக்கி.

என்னை எச்சரிக்கை கூடப் பண்ணலை. சுத்தமா விட்டுட்டாங்க. அவன் லீவு முடிஞ்சு வேலைக்கு வந்தான். காலையில முதல் வண்டி, ரெண்டு பெல். அதே மாதிரி, நறுக்குன மாதிரி. நான் எடுத்தேன். இன்னும் பதினெட்டு வருசம் அப்படியே ஓடிச்சு. அவன் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தா, நாலு பேர் முன்னால சட்டையைப் பிடிச்சிருந்தா, எனக்கும் சொல்றதுக்கு ஏதாவது இருந்திருக்கும். அவன் கேக்கவே இல்லை. பெல் அடிச்சான். நான் இழுத்தேன்.

தொண்ணூத்தி எட்டுல அவனுக்கு ரிட்டயர்மெண்ட். எனக்கு ரெண்டு வருசம் முந்தி. கீழ மாலை போட்டு, போட்டோ எடுத்து, கடைசியா ஒரு தடவை வண்டியில மேல வந்தான். மத்தியான வெயில். வண்டியை விட்டு இறங்கினவன் நேரா என் ரூமுக்குள்ள வாரான். இத்தனை வருசத்துல அந்த வாசப்படியை மிதிக்காதவன். நான் லிவரைப் பிடிச்சுக்கிட்டே நிக்கேன். மாலையைக் கழட்டிக் கையில வச்சிருக்கான். தலை பூரா நரைச்சுப் போச்சு அவனுக்கு. பெல்லுச் சத்தத்துல அது தெரியலை பாத்தீங்களா.

“மச்சான்” அப்படின்னான். அந்த முறை வச்சு அவன் என்னைக் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை.

“ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இனிமே நாம பாத்துக்கப் போறதில்லை, மகள் தூத்துக்குடிக்குக் கூப்பிடுதா. அன்னைக்கு முதல் தடவை மட்டும்தான் நான் போன் பண்ணினேன். நீங்க வச்சிட்டீங்க. நான் தூண்மேல ஏறி அறுந்த கம்பியை முறுக்கிச் சேத்துக்கிட்டு இருந்தேன். பொறவு சுத்தினது நான் இல்லை. அவ. தூண் அடியில உக்காந்துக்கிட்டு சுத்தினா. வேண்டாம் உலகு, எடுக்க மாட்டாருன்னேன். ‘உங்க சத்தம்னா வச்சிருவான். என் சத்தம் கேட்டா அண்ணன் வைக்க மாட்டான்’னு சொல்லிச் சொல்லி சுத்தினா.”

நான் டயலைப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

“தோள்ல வரும்போது நினைவு இருந்தது அவளுக்கு. ‘போன் பழுதுன்னு சொல்லிருங்க. அண்ணனுக்கு இந்த வேலையை விட்டா ஒண்ணும் தெரியாது’ன்னா. அதான் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லலை.”

அவ்வளவுதான். திரும்பினான். வண்டியில ஏறலை. படி வழியா இறங்கிப் போறான், மாலையைக் கையில பிடிச்சுக்கிட்டு. எடுக்காம எப்படி சார் தெரியும், அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. எடுத்தாத்தானே தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?

அப்ப பெல் அடிச்சுது. ரெண்டு பெல். புதுப் பையன் ஒருத்தன் பிரேக்குல. வண்டி நிறைய ஆளுக, குளிச்சு முடிச்சு இறங்குறதுக்கு. நான் லிவரைப் பிடிச்சிருக்கேன், இழுக்கணும்னுதான் நினைக்கேன், கை வரலை. திரும்ப ரெண்டு பெல். திரும்ப ரெண்டு. ஜன்னல் வழியா தளவாய் தலை ஒவ்வொரு படியாக் கீழ போறது தெரியுது, அது மறையுற வரைக்கும் என் கை வரலை. யாரோ வந்து கத்துறான். பொறவு எடுத்தேன்.

பன்னெண்டு நிமிசம் தாமதம்னு என் பேர்ல ரிப்போர்ட் எழுதிட்டானுவ. முப்பத்தாறு வருச சர்வீஸ்ல என் பேர்ல இருக்கிற ஒரே ரிப்போர்ட் அதுதான் சார். அதை எடுக்கச் சொல்லி மூணு தடவை மனு போட்டுட்டேன். ஒரு பதில் இல்லை.